பிளஸ்ஸி யார் பக்கம்?

இரும்புலியூரில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கு பிளஸ்ஸியைத் தெரியாமல் இருக்காது. பல் மருத்துவமனையில் ரிசப்ஷனிஸ்டாக இருந்தவள். பல் வலியோடு உட்கார்ந்திருப்பவர்கள் வீட்டு ஓனரைப் பற்றியும் புலம்புவார்கள். அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்க ஆரம்பித்து, அதுவே தொழிலாகிவிட்டது. ஆனால் புதிதாகக் கட்டும் ஃபிளாட் பக்கம் அவள் போனதில்லை. அங்கே பில்டருக்கே ஆட்கள் இருப்பார்கள், நமக்கு என்ன வேலை என்று நினைத்திருந்தாள்.

அந்த எண்ணத்தை மாற்றியவள் ஸஹானா. குரோம்பேட்டையில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. கல்லூரி நாளில் ஸ்கூட்டர் விபத்தில் முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து சக்கர நாற்காலிதான். திருநீர்மலைச் சாலையில் எழும்பிக்கொண்டிருந்த குடியிருப்பில் ஒரு ஃபிளாட் வாங்க நினைத்தவள் பிளஸ்ஸியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அங்க எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்க. ஆனா எல்லாரும் விக்கிறவங்க. எனக்குன்னு ஒருத்தர் கூட வரணும்."

பிளஸ்ஸி ஒப்புக்கொண்டாள். தன் கமிஷன் ஸஹானாவிடம் மட்டும்தான், பில்டரிடம் ஒரு பைசா வாங்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

விற்பனை மேலாளர் லோகநாதன் சிரித்த முகத்தோடு வரவேற்றார். கூட வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"ஏஜென்ட் எதுக்கு மேடம்? நாங்களே எல்லாம் பாத்துக்குவோமே!"

"நீங்க கம்பெனியைப் பாருங்க சார், அது உங்க வேலை. இவங்களைப் பாக்கறது என் வேலை" என்றாள் பிளஸ்ஸி.

பார்வைக்காக அலங்கரித்து வைத்திருந்த மாதிரி ஃபிளாட்டில் நாற்காலி எங்கும் தடையில்லாமல் ஓடியது. ஸஹானாவின் அப்பா சுந்தரராமன் பூரித்துப்போனார். பிளஸ்ஸி மட்டும் விடவில்லை.

"இது மாதிரி ஃபிளாட்தானே சார்? இவங்க வாங்கப்போற ஃபிளாட்டைக் காட்டுங்க."

லோகநாதன் தயங்கித்தான் முதல் மாடிக்கு அழைத்துப்போனார். லிஃப்ட் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது. பூச்சு முடிந்து, தரைக்கு டைல்ஸ் போடாத வீடு. ஸஹானா ஹாலைக் கடந்து பாத்ரூமுக்குத் திரும்பினாள். சக்கரங்கள் கதவுநிலையில் முட்டி நின்றன. மாதிரி ஃபிளாட்டின் கதவு அகலம், இது குறுகல்.

"சாவி வாங்கினப்புறம் நீங்களே அகலப்படுத்திக்கலாம் மேடம்" என்றார் லோகநாதன்.

"இப்பவே பண்ணலாமே சார்? டைல்ஸ் கூடப் போடலையே. கதவை அகலமாக்கணும், வாசப்படி இல்லாம சமமா இருக்கணும். ரெண்டையும் அக்ரிமென்ட்ல எழுதுங்க."

"அக்ரிமென்ட் எல்லாருக்கும் ஒண்ணுதான். மாத்தமாட்டோம். இதே ஃபிளாட்டுக்கு இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க."

சுந்தரராமன் மகளின் காதருகே குனிந்தார். "நல்ல வீடும்மா. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"அட்ஜஸ்ட் பண்ணினதெல்லாம் வாடகை வீட்லப்பா. இது நான் வாங்குற வீடு" என்றாள் ஸஹானா. பிளஸ்ஸி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு லோகநாதனிடம் திரும்பினாள்.

"அப்ப அந்தப் பார்ட்டிக்கே குடுங்க சார். நாங்க கிளம்பறோம்."

கிளம்பியும்விட்டார்கள். தைரியமாகச் சொல்லிவிட்டாளே தவிர, அன்றிலிருந்து பிளஸ்ஸிக்கு நிம்மதி இல்லை. தன் வீம்பால் அந்தப் பெண்ணுக்கு வீடு போய்விடுமோ என்று பயம். வேறு இடங்களைக் காட்டினாள். ஒன்றில் தெரு சரியில்லை, இன்னொன்றில் லிஃப்ட்டே இல்லை. ஸஹானா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் பிளஸ்ஸிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் லோகநாதனே போன் செய்தார். தயாராக இருந்த பார்ட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை.

"இன்ஜினியர்கிட்ட பேசிட்டேன்மா. அது பாரம் தாங்குற சுவர் இல்லையாம், இடிச்சு அகலப்படுத்தலாமாம். மேடத்தை வரச் சொல்லுங்க."

"எழுதிக் குடுப்பீங்களா சார்?"

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "குடுக்கறோம்மா."

போனை வைத்ததும் பிளஸ்ஸி தெருவிலேயே கத்திவிட்டாள். இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைக் கையில் தூக்கியபடி அவளையே பார்த்தார்.

எழுதி வாங்கியதோடு அவள் ஓயவில்லை. வேலை நடக்கும்போதெல்லாம் போய் நின்றாள். கொத்தனார் பழக்கதோஷத்தில் பாத்ரூம் வாசலில் தண்ணீர் தடுக்க ஒரு சின்ன வரப்பு கட்டிவிட்டார். சிமென்ட் காய்வதற்குள் அதை எடுக்க வைத்தாள்.

பத்திரப் பதிவுக்கு முன் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனார்கள். ஸஹானா யாரையும் கை வைக்க விடவில்லை. தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. விபத்துக்குப் பிறகு அவள் எந்த வீட்டிலும் பாத்ரூம் கதவை உள்ளிருந்து தாழிட்டதில்லை. வெளியே சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஸஹானா, ஓகேவா?" என்று பிளஸ்ஸி குரல் கொடுத்தாள்.

"சூப்பர் அக்கா! கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன். யாரும் அவசரப்படுத்தாதீங்க!"

கிரகப்பிரவேசத்தன்று மடியில் தட்டை வைத்துக்கொண்டு, அறை அறையாகப் போய் எல்லாருக்கும் ஸஹானாவே காபி கொடுத்தாள்.