சிங்கத்துக்கு அடியில் ஒரு வரி

ஏழு மாசமா அந்தக் கடை பூட்டிக் கிடக்கு. பாளையங்கோட்டையில கோர்ட்டுக்கு எதிர்வரிசை, என் டைப்பிங் மேசைக்கு ஒட்டின கடை. வாரவன் போறவன்லாம் என்கிட்டதான் கேக்கான், "ஸ்டாம்ப் போடுத உலகம்மாக்கா எங்க?"ன்னு. கேஸு நடக்குன்னு சொன்னா, "அந்த அக்கா மேலயா? அப்படி என்ன தப்பு பண்ணிச்சு?"ங்கான். என்னத்தச் சொல்ல? தப்பு பண்ணத்தான் செஞ்சா. ஆனா நீங்க நினைக்க மாதிரி இல்ல.

உலகம்மாள் சரித்திரத்துல பி.ஏ. முடிச்சவ. டீச்சர் ஆகணும்னு ஆசை. ரிசல்ட்டு வரதுக்குள்ள அம்மையப்பன் அண்ணாச்சிக்குக் கட்டிக் குடுத்துட்டாங்க. அவருக்கு ரப்பர் ஸ்டாம்ப் கடை. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால அவரு நெஞ்சுவலியில போய்ச் சேந்ததும் இவ வந்து கடையில உக்காந்தா. கம்ப்யூட்டர் கத்துக்கிட்டா, மிஷின் போட்டா, மக சுகிர்தாவைக் காலேஜ் வரைக்கும் கொண்டுவந்துட்டா. பாடம் நடத்த முடியாமப் போன குறையை மட்டும் ஸ்டாம்ப் வாங்க வாரவங்ககிட்ட தீத்துக்கிட்டா.

அதுலயும் சர்க்கார் சிங்கம்னா அவளுக்கு உசுரு. "அசோகர் சாரநாத்துல நட்ட தூணோட தலை இது. நாலு சிங்கம் முதுகோட முதுகு ஒட்டி நிக்கும். படத்துல மூணுதான் தெரியும், நாலாவது பின்னால நிக்கு. கீழ நடுவுல சக்கரம், வலப்பக்கம் காளை, இடப்பக்கம் குதிரை. தூண்ல ஆனையும் உண்டு, படத்துல மறைஞ்சிபோச்சு. குடியரசு ஆன அன்னைக்குத்தான் இதை நாட்டுக்குச் சின்னமா எடுத்தாங்க..." பாவம், எவனோ பள்ளிக்கூடத்துக்கு 'நகல்'னு ஒரு ஸ்டாம்ப் போட வந்திருப்பான். அம்புட்டையும் கேட்டுட்டுத்தான் போகணும்.

கடைசியில அடிவரிக்கு வருவா. வாய்மையே வெல்லும்னு நாகரி எழுத்துல அடியில இருக்கும்லா, அது. "அந்த அடிவரி இருந்தாத்தான் சின்னம். இல்லன்னா வெறும் மிருகப் படம்."

ரொம்பக் கண்டிப்பு. முன்னாள் கவுன்சிலர் ஒருத்தரு விசிட்டிங் கார்டுல சிங்கம் வேணும்னு வந்தாரு. "அண்ணாச்சி, நாலு சிங்கத்தைச் சுமக்க உங்க கார்டு தாங்காது"ன்னு அனுப்பிட்டா. ஆபீஸ் லெட்டர் இல்லாம சர்க்கார் முத்திரையைத் தொடமாட்டா. செஞ்ச முத்திரையை முதல்ல ஒரு நோட்டுல குத்தி வச்சு, பக்கத்துல வாங்கினவன் கையெழுத்தும் போன் நம்பரும் வாங்கிட்டுத்தான் கையில குடுப்பா.

போன வருஷம் தை மாசம் ஒருத்தன் வந்தான். சட்டையை இன் பண்ணி, கழுத்துல கார்டு. மத்திய சர்க்கார் ஆபீஸ்னு லெட்டர் வச்சிருந்தான். லெட்டர் தலையில சிங்கம் இருக்கு, அடிவரி இல்ல. அவன் வரைஞ்சு கொண்டுவந்த முத்திரையிலயும் இல்ல.

இவளுக்கு வந்துச்சே கோவம்! "என்ன சார், சர்க்கார் ஆபீஸ்லயே அடிவரியை விட்டுட்டு அடிச்சிருக்கீங்க? உங்க கம்ப்யூட்டர்காரன் கண்ணை எங்க வச்சிருந்தான்?"

அவன் சிரிச்சான். "விட்டுப்போச்சு மேடம்."

"நான் போட்டுத் தாரேன்"ன்னு சொல்லி, ஒவ்வொரு எழுத்தா சரிபாத்துச் செஞ்சு குடுத்தா. பக்கத்து மேசையில இருந்து நானும் கேட்டுச் சிரிச்சேன். அடிவரி இல்லாத ஆபீஸு ஆபீஸே இல்லன்னு ரெண்டு பேருல ஒருத்திக்கும் தோணல. தப்பைத் திருத்துத சந்தோஷத்துல கண்ணு மறைஞ்சுபோச்சு.

ஆடி மாசம் வள்ளியூர்ல இருந்து ஒரு பிள்ளை அப்பாவோட மனு அடிக்க வந்துச்சு. பேரு விஜயஸ்ரீ. வேலைக்கு ஆர்டர் வந்திருக்குன்னு ஒருத்தன் கையில குடுத்திருக்கான். இனிப்புப் பொட்டலத்தோட சேரப் போயிருக்கா. அங்கன பாத்துட்டு, போலின்னு போலீஸுக்குச் சொல்லிட்டாங்க. குடுத்தவனைக் கேட்டா, 'யாரு நீ, எனக்குத் தெரியவே தெரியாது'ங்கான். ஸ்டேஷன்ல, 'நீயே அடிச்சுக்கிட்டியா?'ன்னு இவளைப் பிடிச்சுக்கிட்டாங்க. மறுநாள் வரச் சொல்லியிருக்கு. அப்பாக்காரர் வேட்டி நுனியைத் திருகிக்கிட்டே நின்னாரு.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "ஏம்மா, படிச்ச பிள்ளை, பாத்ததும் தெரியலையா?"ன்னேன்.

"பாத்தேன்க்கா. சிங்கத்துக்குக் கீழ அந்த வரி இல்லன்னா நம்பக்கூடாதுன்னு கோச்சிங் கிளாஸ்ல சொல்லியிருக்காங்க. போன்ல படம் எடுத்துப் பெருசாக்கிப் பாத்தேன். வரி சுத்தமா இருந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் அவனுக்குப் பணம் குடுக்கலாம்னு அப்பாகிட்ட சொன்னேன்."

பக்கத்துக் கடையில மிஷின் சத்தம் நின்னுச்சு. உலகம்மாள் வந்தா. ஆர்டர் நகலை வாங்கிப் பாத்தா. மெல்ல மேசையில வச்சுட்டுத் திரும்பிப் போயிட்டா.

அப்பாவும் மகளும் ஜெராக்ஸ் எடுக்கப் போனதும் நான் உள்ள ஓடினேன். நோட்டு விரிஞ்சு கிடக்கு. அதே முத்திரை, அவன் கையெழுத்து, நம்பர், அந்த லெட்டர் எல்லாம் இருக்கு.

"கிழிச்சுப் போடுக்கா"ன்னேன்.

"அந்தப் பிள்ளை?"

"அவளுக்கு வக்கீல் பாத்துக்கிடுவாரு. உன்னை யாரு பாப்பா? கடையை இழுத்து மூடிருவானுவ. உனக்கும் ஒரு பொம்பளப்பிள்ளை இருக்கு, நினைச்சுப் பாத்தியா?"

ஆமா, நான்தான் சொன்னேன். ஞாயித்துக்கிழமை கோயில்ல முன்வரிசையில உக்காருத இந்த சாலோமிதான். சொன்னதோட நிக்காம, அந்தத் தாளைப் பிடிச்சு இழுக்கவும் போனேன். கையில ஒரு போடு போட்டா. இன்னைக்கும் அதை நினைச்சா எனக்கு மானம் போகுது.

பின்னால நடந்ததை இப்பவே சொல்லிருதேன். அந்த நோட்டை வச்சுத்தான் அவனை அமுக்கினாங்க. கேஸுல இருந்து விஜயஸ்ரீ பேரை எடுத்தாங்க, உலகம்மாள் பேரைச் சேத்தாங்க. சுகிர்தா இப்ப சாயங்காலம் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போறா. வாய்தாவுக்கு வாரப்பல்லாம் உலகம்மாள் என் மேசையில வந்து உக்காருவா, பூட்டின கடைப் பக்கம் திரும்பமாட்டா.

அன்னைக்கு நோட்டோட வந்து என் முன்னால ஸ்டூல்ல உக்காந்தா. "இன்னொரு மனு அடி. என் பேருக்கு."

எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. ஆனாலும் அவளைக் காப்பாத்தணுமே. 'மேற்படி நபர் கேட்டுக்கொண்டபடி முத்திரை செய்து கொடுத்தேன்'னு அடிச்சு வாசிச்சேன். அதுக்குள்ள அப்பாவும் மகளும் திரும்பி வந்து நிக்காங்க.

"அப்படி இல்ல"ன்னா. "அவன் சிங்கம்தான் கேட்டான். அடிவரி கேக்கல. நானாத்தான் போட்டேன்னு அடி."

"எக்கா, உனக்கென்ன கிறுக்கா? அதை யாரும் கேக்கப் போறதில்லையே!"

அவ விஜயஸ்ரீயைப் பாத்தா. பாத்துட்டு, "இந்தப் பிள்ளை நம்பினது அதைத்தாம்ட்டி. அடி"ன்னா.

அடிச்சேன்.