ஏழாம் எண் ஜாடி

சீனாவின் செங்டுவில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் சிறுநீர் ஜாடிகளை இருபத்து நான்கு வருடமாகக் கவனித்துவந்தவள் ஜி வென்ஷியு. கடைக்காரர் நிறுத்துக் கொடுத்த கீரையை வீட்டுக்குப் போய் மறுபடி நிறுக்கிற ரகம்.

அந்தக் குளிர்காலத்தில் பன்னிரண்டு பேருக்குக் கெகென் என்ற மருந்துக் கிழங்கின் கஷாயம் கொடுத்து, கிழங்கின் சத்து உடம்பிலிருந்து எப்போது, எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்த்தோம். மூன்று நாள் அங்கேயே தங்கவேண்டும். ஒவ்வொருவரின் சிறுநீரையும் நேரம் குறித்துத் தனித்தனி ஜாடியில் பிடிப்போம்.

ஏழாம் எண் பாங் தெஷுன். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முதல் நாள் மற்ற பதினொரு பேரிடமும் தெரிந்த சத்து, அவருடைய ஜாடியில் பேருக்குத்தான் இருந்தது.

"மனுஷன் கஷாயத்தை எங்கயோ கொட்டிடறாரு," என்றாள் வென்ஷியு.

மறுநாள் காலை அவர் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள்.

"வாயைத் திறங்க அண்ணே. நாக்கைத் தூக்குங்க."

"கழட்டியே தரட்டுமா? கழுவிட்டுக் குடு."

பூந்தொட்டி மண்ணை முகர்ந்தாள். அவருடைய கோட்டுப் பையில் கைவிட்டாள். சூரியகாந்தி விதைத் தோல்தான் வந்தது. வேறு யாருடையதையாவது வாங்கி ஊற்றுகிறாரோ என்று கழிவறை வாசலில் காத்திருந்து, ஜாடியின் சூட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

பாங்கின் முகம் கறுத்துவிட்டது. "முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். டிக்கெட் வாங்காம ஏறினவனைக்கூட நான் இப்படிப் பார்த்ததில்ல தங்கச்சி."

அன்றைய ஜாடியும் அப்படித்தான். மற்றவர்கள் அவருடன் சாப்பிட உட்காரவில்லை. மூன்றாம் நாள் துறைத் தலைவர், "ஏழாம் நம்பரை நீக்கிடுங்க," என்றார். பாங் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

வென்ஷியுவுக்கோ மனம் ஒப்பவில்லை. தன் கண்முன் அவர் குடித்தது நிஜம். அப்படியானால் பொய் சொல்வது யார்? சந்தேகம் சத்தை அளக்கும் கருவியின் பக்கம் திரும்பியது. தேடச் சொன்ன பொருளைத்தானே அது தேடும்? உறைய வைத்திருந்த ஏழாம் ஜாடியை எடுத்து, அந்தச் சத்து உருமாறினால் என்னவெல்லாம் ஆகுமோ அவற்றைத் தேடினாள். மூன்றாவது முயற்சியில் திரையில் கோடு செங்குத்தாக எழும்பியது. பாங்கின் குடலில் வாழும் கிருமிகள் சத்தை வேறொன்றாக மாற்றி அனுப்பியிருந்தன. சிலருக்கு அப்படி உண்டு என்பது தெரிந்த விஷயம்தான். எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். பாங் கதவைப் பாதிதான் திறந்தார்.

"இப்ப எதைச் சோதிக்க வந்தே?"

"தப்பு என்னோடது அண்ணே. நீங்க சொட்டு விடாம குடிச்சிருக்கீங்க. உங்க குடல்ல இருக்கிற கிருமி அதை உருமாத்திடுச்சு."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுலயாவது கையெழுத்து வாங்கத்தானே இந்த நாடகம்?"

"இல்ல அண்ணே."

"சத்தமாச் சொல்லு. அடுப்படியில இருக்கா பாரு, என் பெண்டாட்டி. அவளும் நான்தான் கொட்டினேங்கறா."

வென்ஷியு கூடத்துக்குள் வந்து நின்று உரக்கச் சொன்னாள். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"இன்னொரு தடவை," என்றார் பாங்.

அவள் மறுபடியும் சொன்னாள்.