ஐந்தாவது ஈட்டி ஏன் குட்டை?

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவும். ஆனால் நேற்று, வியாழக்கிழமை, நான் காடு பார்க்கக் கிளம்பவில்லை. பயந்துபோய்க் கிளம்பினேன்.

தஞ்சாவூரில் பில்லியர்ட்ஸ் விளையாடும் குச்சிகளை ஆர்டரின் பேரில் கடைந்து கொடுப்பது என் தொழில். போன வருடம் சரவணன் சார் என்ற வாடிக்கையாளர், வேறு யாரிடமும் இல்லாத மாதிரி ஒன்று கேட்டார். எனக்கு மூளை ஓடவில்லை. வாட்ஸப்பில் வந்த ஒரு படத்தைப் பெரிதாக்கி, அளவெடுத்து, அப்படியே செய்துவிட்டேன். கைப்பிடியில் கருமரத்துக்குள் பதித்த எட்டு வெள்ளை முனைகள், ஐந்தாவது மட்டும் குட்டை. ‘சோழர் ஈட்டி’ என்று பெயரும் நானே வைத்தேன். ஐந்தாவது ஏன் குட்டை என்று அவர் கேட்டபோது, அதுதான் என் முத்திரை என்றேன். வாய் கூசவில்லை.

படத்திலிருந்த குச்சியைச் செய்தவர் முத்துப்பேட்டை ரியாஸ். துபாயில் இதே வேலை பார்த்துத் திரும்பியவர். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் நடக்கும் போட்டிக்குக் குச்சியோடு போகப்போவதாகச் சரவணன் சார் சொன்னார். ரியாஸ் நாலு பேர் முன்னால் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டால் அப்புறம் என்னிடம் யார் வருவார்கள்? முந்திக்கொண்டு போய், காலில் விழுந்தாவது அவர் வாயை அடைத்துவிடலாம் என்பதுதான் திட்டம்.

புதிய பேருந்து நிலையத்தில் காலை 6.40க்கு மன்னார்குடி பஸ். 38 கிலோமீட்டர், 35 ரூபாய். நான் பழகுவதற்குச் செய்த மாதிரிக் கைப்பிடி நீளப் பையில் இருந்தது. “என்னங்க, நாயனமா?” என்றார் கண்டக்டர். ஆமாம் என்றேன். எந்த ஊரில் கச்சேரி என்று கேட்டார். அதற்கும் ஒரு பொய். வடுவூர் தாண்டி அறுவடை மெஷின் ரோட்டை அடைத்து நிற்க, இருபது நிமிடம் பஸ் நகரவில்லை. எல்லோரும் முணுமுணுத்தார்கள். அப்படியே நின்றுவிட்டால் நல்லது என்றிருந்தது எனக்கு.

மன்னார்குடியில் இறங்கி டீ குடித்தேன். 8.45க்கு முத்துப்பேட்டை பஸ், ஒன்றேகால் மணி நேரம், 32 ரூபாய். அங்கிருந்து பட்டறைக்கு ஆட்டோ 80 ரூபாய். (பேரம் பேசலாம். எனக்குத்தான் தெம்பில்லை.)

ரியாஸ் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். கைப்பிடியை எடுத்து அவர் முன் வைத்தேன். மெல்ல உருட்டிப் பார்த்தார். விரல் ஐந்தாவதில் நின்றது.

“அண்ணே, உங்க மரத்துல முடிச்சு எங்க இருந்துச்சு?”

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். அவர் மரத்தில் அந்த இடத்தில் ஒரு முடிச்சு. மேற்கொண்டு வெட்டினால் பிளந்துவிடும் என்று பாதியில் நிறுத்தியிருக்கிறார். குறைப்பட்ட குச்சி என்று அதை விற்கவே இல்லையாம். அந்த வெள்ளை முனைகள் ஈட்டிகளும் இல்லை, அலையாத்தி வேர்களாம். என் மரத்தில் முடிச்சே கிடையாது. அவமானத்தில் காது சுட்டது.

ஞாயிறு போட்டிக்குச் சரவணன் சார் குச்சியோடு வருவதைச் சொல்லி, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் தம்பி என்று கெஞ்சினேன்.

“எல்லாரும் பாத்துதாண்ணே கத்துக்கறோம். நானும் அப்படித்தான். நானா போயி சொல்ல மாட்டேன். ஆனா அவர் கேட்டா பொய் சொல்ல மாட்டேங்க.”

படகுத்துறைக்குப் போனேன். சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தன வேர்கள். அதில் எங்கே ஈட்டியைக் கண்டேன்? அங்கேயே நின்று சரவணன் சாருக்குப் போன் போட்டேன். டிசைன் என்னுடையது இல்லை, முத்திரை என்றதும் பொய் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

“அந்தக் குட்டை ஒண்ணுக்காகத்தான் வாங்கினேன்” என்றார் அவர். லைன் துண்டிக்கப்பட்டது.

இன்று வெள்ளி. ஞாயிறு அவர் போவாரா, குச்சியை எடுத்துப் போவாரா, தெரியவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் அவர்தானோ என்று எடுத்துப் பார்க்கிறேன்.

போகிறவர்களுக்கு: படகில் ஐந்தாறு பேராகச் சேர்ந்து போனால் கட்டுப்படியாகும். காலையிலேயே போய்விடுங்கள், குடையும் தண்ணீரும் அவசியம். தை மாதத்தில் அறுவடை மெஷின்களுக்காக அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நீளமான பை கொண்டுபோனால் உள்ளே என்னவென்று கண்டக்டர் கேட்பார். திரும்பும்போதும் அவரே வரக்கூடும், கச்சேரி எப்படி என்றும் கேட்பார். முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள்.