ஊர் நாய்ப் பால்

எனக்கு இலகுவில் அருவருப்பு வராது. குடும்பநல மருத்துவமாதாக வேலை செய்கிறவளுக்கு இரத்தமும் சீழும் பனிக்குடத் தண்ணீரும் அன்றாடச் சங்கதிகள். ஒரு பிரசவத்தைப் பார்த்துவிட்டு வந்து, கையைக் கழுவி, மத்தியானச் சோற்றை நிம்மதியாகச் சாப்பிடுவேன். ஆனால் என் சொந்த அண்ணாவின் வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி எனக்குள் இறங்காமல் போனது.

அண்ணா திருகோணமலைத் துறைமுகப் பக்கம் மீன் வியாபாரம் செய்கிறார். படகுகளிலிருந்து மொத்தமாக எடுத்து, ஐஸ் போட்டு, ரெஜிபோம் என்ற நுரைப்பலகையால் செய்த வெள்ளைப் பெட்டிகளில் அடுக்கிக் கொழும்புக்கு அனுப்புவார். வளவு முழுக்க அந்தப் பெட்டிகள்தான். சில வருடங்களுக்கு முன் மீன்பாடு குறைந்திருந்த நேரம் யாரோ அவருடைய காதில் போட்டுவிட்டார்கள், கொழும்பில் இப்போது கலப்பு நாய்களுக்குத்தான் மவுசு என்று. ஹஸ்கி என்ற பனிநாட்டு நாயையும் பொமரேனியனையும் சேர்த்தால் வருவது பொம்ஸ்கி. முகம் ஓநாயுடையது, உடம்பு மடியில் வைத்துக் கொஞ்சுகிற அளவு. கைபேசியில் படத்தைக் காட்டி, "கலப்பெண்டால்தான் விலை, தங்கச்சி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை.

கலப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் முதலில் கேட்டது நாய் விஷயத்தில் அல்ல. நான் ஒரு வேதக்காரரை, கிறிஸ்தவரை, கலியாணம் செய்தபோது அண்ணா கதை பேச்சை நிறுத்திக்கொண்டார். என் மகள் பிறந்தபோது பார்க்கவும் வரவில்லை. "கலப்புக் குட்டியைப் பாக்க நான் ஏன் போகவேணும்?" என்று கேட்டாராம். அந்தக் கதையைக் காவிக்கொண்டு வந்து என்னிடம் சேர்ப்பதற்கு ஊரில் ஆட்களுக்கா பஞ்சம்? அம்மாவின் செத்தவீட்டில் நாங்கள் ராசியானோம். ராசியென்றால், அவர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார், நான் இருந்தேன். அவ்வளவுதான்.

ஹஸ்கியைப் பின்பக்கத்தில் ஐஸ் வைக்கிற அறைக்குப் பக்கத்து அறையில் வைத்திருந்தார். சாம்பலும் வெள்ளையுமாக, கழுத்தில் கை புதைகிற அளவுக்கு மயிர். ஒரு கண் நீலம், மற்றது மண்ணிறம். வைகாசி வெயிலில் தகரக் கூரை அனல் கக்க, உடைத்த ஐஸின் மேல் சாக்கு விரித்து அதன்மேல் அது கிடந்தது. நாக்கு வெளியே தொங்கியது, வயிறு ஓயாமல் ஏறி இறங்கியது. சாக்கில் மீன் நாற்றம். நான் முகத்தைச் சுளித்ததைக் கண்ட அண்ணா சமாதானம் சொன்னார்.

"நீ பயப்பிடாத. ஐஸில வைச்சால் ஒண்டும் பழுதாகாது."

அவருடைய தொழில் முழுவதும் அந்த ஒரு வசனத்தில் அடக்கம். சூரை மீனுக்கும் பாரை மீனுக்கும் சொல்லுகிறதை உயிருள்ள ஒன்றுக்கும் சொன்னார், சொன்னதில் ஏதும் பிழையிருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அளவு பொருந்தாத இரண்டையும் எப்படிப் பிடித்துவைத்துச் சேர்ப்பது, அது சரிவராவிட்டால் ஊசிக்குழாயால் என்ன செய்வது என்றும் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். நான் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

முதல் ஈற்றுக்கு என்னைத்தான் கூப்பிட்டார். மிருக வைத்தியரைக் கூப்பிட்டால் அவர் கேள்வி கேட்பார், தங்கச்சி கேட்கமாட்டாள் என்ற கணக்கு. குட்டிகள் நல்லபடியாக வந்தன, பால்குடி மறக்கமுன்னமே விற்றும் போயின. பால் கட்டிய மடியோடு அந்த நாய் அறையைச் சுற்றிச் சுற்றி மணந்துகொண்டு திரிந்தது. அடுத்த தரம் அது பருவத்துக்கு வந்ததும் திரும்பவும் அதே வேலை. இரண்டாம் ஈற்றுக்குப் பிறகு விலா எலும்பு அந்த மயிருக்குள்ளாலும் தெரிந்தது.

"அண்ணா, ரெண்டு பேறுக்கு நடுவில உடம்பு தேற இடைவெளி வேணும்" என்றேன்.

"அதை உன்ர கிளினிக்குக்கு வாற பொம்பிளையளுக்குச் சொல்லு. நாய்க்கு என்ன குடும்பக் கட்டுப்பாடு?"

"இன்னொரு தரம் இது தாங்காது. என்னட்டைத் தாங்கோ, நான் கொண்டுபோறன்."

அன்றைக்கு என்ன நினைத்தாரோ, சரியென்றார். "இதோட காணும். கொஞ்சம் தேறட்டும், வந்து கூட்டிக்கொண்டு போ." நான் நம்பினேன். என் வீட்டில் மேசைக்குக் கீழே சீமெந்துத் தரை எப்போதும் குளிராக இருக்கும். அந்த இடத்தை என் கணவர் ஒதுக்கிவைத்தார். மயிரைக் கட்டையாக வெட்டிவிடலாமா, கூடாதா என்று மகள் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தாள். கூட்டிவரப் போன அன்று நாயின் வயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

"கொழும்பில வாக்குக் குடுத்திட்டன், தங்கச்சி. இதுதான் கடைசி" என்றார் அண்ணா, முகத்தைப் பார்க்காமல்.

அது ஈன்ற நாள் கச்சான் அடித்த நாள். தென்மேற்கிலிருந்து வருகிற அந்த வறண்ட காற்று, மனிசரையே சுவரோரம் ஒதுங்க வைக்கும். மத்தியானம் அண்ணியின் அழைப்பு வந்தது. நான் போனபோது வளவெல்லாம் ஆரவாரம். அன்றைக்கு அள்ளுகொள்ளையாக மீன். கொட்டிக்கிடந்த சூரையை ஆட்கள் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பின் அறையில் நாய் வெறும் சீமெந்தில் கிடந்தது. சாக்கு காய்ந்திருந்தது. குட்டிகளில் நாலு வெளியே வந்து நெளிந்தன, வயிற்றில் இன்னும் ஒன்று இருந்தது. தொட்டேன். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்ட மாதிரிக் கொதித்தது. வாயில் நுரை.

"ஐஸ் கொண்டாங்கோ!" என்று கத்தினேன்.

அண்ணா வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "மீனுக்கே ஐஸ் காணாது, தங்கச்சி. லொறி வெளிக்கிட்டவுடன தாறன்."

நான் எழும்பிப்போய் ஒரு பெட்டியைத் திறந்து, மீனுக்கு மேலே கிடந்த ஐஸை இரண்டு கையாலும் அள்ளினேன். யாரும் தடுக்கவில்லை. நான் திரும்பி வந்தபோது அந்த வயிறு ஏறி இறங்கவில்லை. நீலக் கண் திறந்தபடியே இருந்தது. உள்ளங்கை விறைத்து, ஐஸ் உருகி முழங்கையால் வடிந்தது. இந்த மனிதனோடு ஒரே வயிற்றில் பிறந்ததற்காகக் கூசினேன்.

மாப்பால் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், குட்டிகளுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த நாள் நான் போனபோது அதே அறையில் ஒரு மண்ணிற ஊர் நாய் கயிற்றில் கட்டுண்டு கிடந்தது. நாலு பொம்ஸ்கிக் குட்டிகளும் அதன் மடியில் முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தன. கடற்கரையில் கவிழ்த்துவைத்த வள்ளமொன்றின் கீழ் ஈன்று கிடந்ததை வேலையாட்கள் பிடித்து வந்திருந்தார்கள்.

"இதின்ர குட்டியள் எங்க?" என்று கேட்டேன்.

"ஊர் நாய்க் குட்டியள்தானே" என்றார் அண்ணா. அதுதான் பதில்.

மீதியை அண்ணி குசினிக்குள், அடுப்படியில் வைத்து இரகசியமாகச் சொன்னா. தாயின் கண்ணுக்கு முன்னாலேயே குட்டிகளை ஒரு ரெஜிபோம் பெட்டியில் போட்டு மூடிக் கொண்டுபோனார்களாம். எங்கே என்று அவவுக்குத் தெரியாது. நான் கடற்கரைக்கு ஓடினேன். வள்ளத்தின் கீழ் மண்ணில் ஒரு குழி இருந்தது. நிலாவெளி ரோட்டோரம், சந்தைக்குப் பின்பக்கம் எல்லாம் தேடினேன். ஒன்றையும் காணவில்லை.

திரும்பி வந்தபோது அண்ணாவுக்கு ஒரேயொரு கவலைதான் இருந்தது. "தங்கச்சி, ஊர் நாய்ப் பால் குடிச்சதுகள் எண்டு வாங்க வாறவைக்குச் சொல்லிப்போடாத. சாதி நாய் வாங்கிற சனம், ஒரு மாதிரி நினைக்கும்."

சாதியைக் கலந்து விற்கிறவர் பாலுக்குச் சாதி பார்த்தார்.

நான் ஒவ்வொரு நாளும் கிளினிக் முடிந்து போய் அந்த மண்ணிற நாய்க்குச் சோறும் மீன் தலையும் வைத்தேன். குட்டிகளைப் பார்க்கவென்று போகவில்லை. அவை அழகாகத்தான் இருந்தன, பாவங்கள், அவற்றில் என்ன பிழை? கண் திறந்து ஓடித் திரிகிற பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட அந்த அம்மா, விஷயம் தெரிந்தவர் போல, "தாயைப் பாக்காமல் வாங்கக்கூடாது எண்டு சொல்லுறாங்க. தாயைக் காட்டுறீங்களா?" என்று கேட்டார்.

அண்ணா கைபேசியை நீட்டி ஹஸ்கியின் படத்தைக் காட்டினார். "இஞ்ச சூடு கூட, அவ பாவமெல்லோ. குளிர் பக்கம், நுவரெலியாவுக்கு அனுப்பியிருக்கிறம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அது செத்துப்போச்சு. இஞ்சதான், வெக்கையில. பால் குடுத்து வளத்த தாயைப் பாக்கவேணுமெண்டால் பின்னுக்கு வாங்கோ" என்றேன்.

அந்த அம்மா எட்டிப் பார்த்தார். சொறியும் கயிறுமாகக் கிடந்த நாயைக் கண்டதும், தூக்கி வைத்திருந்த குட்டியைச் சட்டென்று இறக்கிவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தார். அவருக்குக் கோபம் வரும், போய்விடுவார் என்று நான் நினைத்தேன். அவர் அண்ணாவிடம் திரும்பி, "ஊர் நாய்ப் பாலா? அப்ப விலையைக் குறைக்கோணுமே" என்றார்.

செத்த நாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு பேரும் பேரம் பேசத் தொடங்கினார்கள். பிரசவ அறையில் ஒருநாளும் வராத ஓங்காளம் அன்றைக்கு எனக்கு வந்தது. கிணற்றடியில் போய் நின்று வாயைக் கொப்பளித்தேன்.

மண்ணிற நாயின் கயிற்றை அவிழ்த்து என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். "கலப்புக் குடும்பத்துக்குப் போனவளுக்கு எங்கட மானம் என்ன தெரியும்" என்று அண்ணா பின்னால் நின்று கத்தினார். புதிதாக இன்னொரு ஹஸ்கி வந்திருப்பதாகக் கேள்வி. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

ஹஸ்கிக்கென்று ஒதுக்கிய குளிர்ந்த தரையில் இப்போது இவள் படுக்கிறாள். சொறி மாறிவிட்டது, மகளின் காலடியை விட்டு அசையமாட்டாள். காலையில் எங்கள் ஒழுங்கையால் மீன்காரர் மோட்டார் சைக்கிளில் வரும்போது மட்டும் படலையைத் தாண்டி ஓடுவாள். அவருக்குப் பின்னால் வெள்ளை ரெஜிபோம் பெட்டி கட்டியிருக்கும். முன்னங்காலைத் தூக்கி வைத்து மூடியைப் பிறாண்டுவாள். முதலில் துரத்திய மீன்காரர் இப்போது மோட்டார் சைக்கிளை நிறுத்தி, மூடியைத் திறந்து காட்டுகிறார். அவள் தலையை உள்ளே விட்டு, ஐஸுக்குள் மூக்கை நுழைத்துத் தேடுவாள். அவர் ஒரு சூடைமீனை எடுத்து நீட்டுவார். அதை அவள் ஒருநாளும் தின்றதில்லை.