ஹமீது பாய் வூட்டுப் புகைக் கூண்டும் என் மீட்டரும்

சூடு காட்டுற மீட்டர் விக்கிறவனை மட்டும் ஊர்ல யாரும் நம்ப மாட்டாங்க. தராசைக்கூட நம்புவாங்க, முள்ளு ஆடுற மீட்டரை நம்ப மாட்டாங்க. மெக்கானிக் வேலை பார்த்து வயிறு எரிஞ்ச சகோதரர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். வாணியம்பாடியில தோல் பதனிடுற ஷாப்புகளுக்கு பாய்லர் மீட்டர் விக்கிற கடையில நான் வேலை பார்த்தப்போ நடந்தது இது.

உடைஞ்சு வந்த தர்மாமீட்டர்

தோல் யாவாரத்தை மகன்கிட்ட குடுத்துட்டு மலை மேல ஜமுனாமரத்தூர்ல வூடு கட்டிக்கினு இருந்தவரு ஹமீது பாய். எவனோ ஒரு ஃபாரஸ்ட் ஆபீசர் கேம்ப்புல புகையில வாட்டின ஆட்டுக்கறி சாப்பிட்டாராம். அன்னியிலேர்ந்து பைத்தியம். பழைய தார் டிரம்மை எரிச்சுக் கழுவி, கொல்லையில கறி வாட்டுற புகைக் கூண்டு போட்டுட்டாரு. போட்ட கறியெல்லாம் மேல கரி, உள்ள பச்சை. இதுல பொண்ணைக் கேட்டு வர்ற ஆம்பூர் சம்பந்திக்கு அந்தக் கறியைப் போடறேன்னு வாக்கு வேற குடுத்துட்டாரு!

கடைக்கு வந்தவரு, மடியிலேர்ந்து உடைஞ்ச கண்ணாடி ஒண்ணை எடுத்து வெச்சாரு. ஜுரம் பாக்குற தர்மாமீட்டர். கம்பியில கட்டி டிரம்முக்குள்ள தொங்க விட்டிருக்காரு, வெடிச்சுடுச்சு. "ஐயோ, உள்ள இருந்தது பாதரசம், விஷம் பாய், அந்தக் கறியை யாரும் தின்னுடலையே?"ன்னு பதறினேன். "குழியில போட்டு மூடிட்டேன்"னாரு. ஐந்நூறு டிகிரி வரைக்கும் போற, நீளத் தண்டு வெச்ச மீட்டரை எடுத்துக் காட்டினேன். மனுஷன் முகம் சுளிச்சாரு.

"ஜுரத்துக்கு ஒண்ணு, கறிக்கு ஒண்ணா? ரெண்டும் உடம்புதானப்பா!"

சம்பந்தி பாக்கணும்

முணகிக்கினே வாங்கிட்டாரு, நான் மாட்டுறதுக்கு மலை ஏறினேன். பஸ்ஸு ஒவ்வொரு வளைவுலயும் குலுங்க, மீட்டரைக் குழந்தை மாதிரி மடியில வெச்சுக்கினு போனேன். கறி தொங்குற உயரத்துலதான் ஓட்டை போடணும், மூடி மேல மாட்டினா வேற சூடு காட்டும்னு சொன்னேன். பாய்க்கு அது பிரச்சினையே இல்லை. அந்த உயரத்துல தகரம் நல்லா இருந்த பக்கம் சுவத்தைப் பாத்துக்கினு இருந்துச்சு, அதான் பிரச்சினை. கடைசியில நாலு ஆளை வெச்சு டிரம்மையே திருப்பினோம். என் இடுப்பு புடிச்சுக்கிச்சு.

"இவ்ளோ பெரிய வட்டமா வாங்கினது சுவத்துக்குக் காட்டவா? சம்பந்தி கண்ணுல படணும்!"

மலைத் தண்ணி

மீட்டர் சரியான்னு பாக்கக் கொதிக்கிற தண்ணியில தண்டை முக்கணும். முள்ளு இருநூத்திப் பன்னெண்டு ஃபாரன்ஹீட்டுல நிக்கும்னு வாய்விட்டுட்டேன். மலை மேல ஏற ஏறத் தண்ணி கொஞ்சம் முன்னாடியே கொதிச்சுடும்; முள்ளு நாலஞ்சு டிகிரி கீழயே நின்னுடுச்சு. பாய் என்னைத் திருடனைப் பாக்குற மாதிரி பாத்தாரு. "மீட்டர் சரிதான் பாய், தண்ணிதான் இங்க குறைஞ்ச சூட்டுல கொதிக்குது"ன்னேன். அவ்ளோதான், அடுப்பு ஊதிக்கினு இருந்த சமையக்காரன் காளி எழுந்து நின்னுட்டான். மலையிலயே பொறந்தவன், சாமை வெதைக்கிற நாள் போக மீதி நாள் பாய் வூட்ல சமையல்.

"இன்னாய்யா, எங்க மலைத் தண்ணியில கொறைன்றியா? உங்க ஊரு தண்ணிக்குத்தான் திமிரு ஜாஸ்தி!"

சம்பந்தி வந்த அன்னிக்கு

சம்பந்தி வர்ற அன்னிக்கு மீட்டர் பக்கத்துல நீ இருந்தே ஆவணும்னு பாய் ஆள் அனுப்பிட்டாரு. போய்ப் பார்த்தா, டிரம்முல மீட்டர் இருந்த எடத்துல வெறும் ஓட்டை!

அன்னிக்கு ஆயுத பூஜை. வூட்ல இருந்த இரும்பு அத்தனையும் காளி கொல்லையில இருக்குற தன் குடிசையில சாமி படத்துக்கு முன்னால அடுக்கி, சந்தனம் குங்குமம் வெச்சுட்டான். அருவாமணை, கோடாலி, பாய் ஆடு அறுக்குற கத்தி, நடுவுல மாலை போட்டுக்கினு என் மீட்டர்! "இதுவும் வேலை செய்ற சாமான்தானே"ன்றான். பூஜையில வெச்சதை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது. அறுக்கக் கத்தி இல்லை, ஆடு பாட்டுக்குத் தழை தின்னுக்கினு இருக்குது.

ஆம்பூர் வண்டி வாசல்ல நின்னுடுச்சு. பாய் முகத்துல ரத்தமே இல்லை. "எடுத்துடட்டுமா பாய்?"னேன். "அவன் சாமிக்கு வெச்சதை நான் எப்படிப்பா எடுப்பேன்?"னாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சுங்க. வெறும் சோறும் பருப்பும் பொரிச்ச அப்பளமும் போட்டு, சம்பந்தி முன்னால தலை குனிஞ்சு, நடந்த கதையை அப்படியே சொல்லிட்டாரு.

சம்பந்தி அப்பளத்தை நொறுக்கினபடி, ஓட்டையோட நிக்கிற டிரம்மைப் பாத்தாரு, குடிசையைப் பாத்தாரு, அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு.

"சமையக்காரன் சாமிக்காகக் கத்தியை வுட்டுக் குடுக்கிற வூடு, நாளைக்கு என் புள்ளை கோவத்தையும் பொறுத்துக்கும். நாளு குறிங்க பாய். கறியை நாளைக்கு இருந்து சாப்பிட்டே போறோம்!"

எத்தனையோ எடத்துல மீட்டர் மாட்டியிருக்கேன், ஒரு டிகிரிகூடக் காட்டாம ஒரு கல்யாணத்தை முடிச்சு வெச்சது அது ஒண்ணுதான்.