முகத்துவாரம் வெட்டிய வாரம்

எனக்கு ஒரு துண்டு வயல் கிடையாது. அப்படியிருந்தும் போன மார்கழியில் கிரான் ஊர் விவசாயிகளோடு சேர்ந்து அரசாங்க அலுவலக வாசலில் நின்றேன். கடல்வாயை அடைத்துக்கிடந்த முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டி, வாவித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும் என்பது கோரிக்கை. பக்கத்தில் நின்றவர், "உங்கட வட்டை எது?" என்று கேட்டார். வயல் இல்லை, பறவை பார்க்கத்தான் வந்தேன் என்று வெட்கத்தோடு சொன்னேன். அவர் சிரித்துவிட்டு என்னை முன்வரிசைக்குத் தள்ளினார். ஆள் கூடினால் நல்லதுதானே.

எல்லாம் என் வாயால் வந்த வினை. காத்தான்குடியைச் சேர்ந்த என் பள்ளித் தோழன் கட்டாரில் வேலை செய்கிறான். அங்கே வெள்ளிக்கிழமைகளில் கடற்கரைச் சேற்றில் உள்ளான் பறவைகளைப் பார்க்கத் தொடங்கி, அதிலேயே பித்தாகி, தொலைபேசி வழியாக என்னையும் பித்தாக்கிவிட்டான். ஊரில் இருக்கிற அவன் மனைவிதான் நம்பவில்லை. லீவு நாளில் ஒருவன் தனியாகச் சேற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்றால் யார் நம்புவார்? அவளை ஒரு தடவையாவது கூட்டிவந்து காட்டிவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. லீவு எடுத்து எப்போது வரலாம் என்று கேட்டான். மழைக்காலத்தில் வா, தண்ணீர் நிறைய நிற்கும், பறவையும் நிறைய நிற்கும் என்று பெரிய நிபுணன் மாதிரிச் சொல்லிவிட்டேன்.

தண்ணீர் நிறையத்தான் நின்றது. நகரத்து ஓரத்தில் பறவைகளுக்கென்று ஒதுக்கிய சதுப்பில் வேலிக்கட்டைகளின் தலை மட்டும் தெரிந்தது. உள்ளானின் கால் என் சுண்டுவிரல் நீளம்கூட வராது. அது சேற்றில் நடந்து இரை பொறுக்குகிற பறவை. இது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் லீவில் வந்ததும் இருவரும் மூன்று தடவை வந்தார்கள். மூன்று தடவையும் நீர்க்காகங்கள்தான். மூன்றாம் தடவை அவள் நேராகப் போய் ஆட்டோவில் உட்கார்ந்துவிட்டாள். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அந்த அலுவலக வாசலில் போய் நின்றேன்.

வயல்கள் மூழ்கிக்கொண்டிருந்ததால் கடைசியில் முகத்துவாரத்தை வெட்டினார்கள். நான் நின்றதால் அல்ல. ஆனாலும் வீட்டில் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டேன். இரண்டு நாளில் தண்ணீர் இறங்கியது. அவன் திரும்பிப் போகிற நாள் காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். கறுப்புச் சேறு வெளியே வந்திருந்தது. அதன்மேல் நூற்றுக்கணக்கில் உள்ளான்கள், சிந்திய அரிசியைக் கண்ட கோழிகளின் அவசரத்தில். உடனே அவனுக்கு அழைப்பு எடுத்தேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்பட்ட வான் வண்டி பெட்டிகளோடு வந்து வீதியோரத்தில் நின்றது. பத்தே நிமிடம் என்றார் சாரதி. வழியனுப்பக் கூடவே வந்த அவள் இறங்கி, அவனுடைய தூரக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவன் பறவைகளைப் பார்க்கவே இல்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அங்கயும் இதுகளா நிக்கிற?"

"ஓம், இதே சாதிதான். இதுகளப் பார்த்தா நம்மட ஊர் ஞாபகம் வரும்."

அவள் கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

"அப்ப இத எனக்கிட்ட வெச்சிட்டுப் போங்க. வெள்ளிக்கிழமையில நீங்க அங்க பாருங்க, நான் இஞ்ச பாக்கன்."

பட்டப்பகலில், பெருவீதியில், சாரதியும் நானும் பார்த்துக்கொண்டு நிற்க, அவன் கண்ணாடியின் வாரை எடுத்து அவள் கழுத்தில் மாட்டிவிட்டான். நான் பறவை பார்க்கிறவன்போலத் திரும்பிக்கொண்டேன்.