கீரிமலைக் கேணியில் கேட்ட ஸ்பானிஷ்

திருச்சியில் ஏறிய சிறிய விமானம் ஒரு மணி நேரத்துக்குள் பலாலியில் இறங்கிவிட்டது. என் வீட்டிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்து இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். பகல் இரண்டு மணி வெயிலிலும் காற்றில் கடலின் ஈரம் இருந்தது.

யாழ்ப்பாணப் பேருந்து நிலையம் வரை பதினெட்டுக் கிலோமீட்டர் சொச்சம். ஓட்டோக்காரர் இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டார். நான் பேரம் பேச வாயைத் திறப்பதற்குள் அவரே இருநூறைக் குறைத்துவிட்டுப் பெட்டியை எடுத்து வைத்தார்.

"எங்கை தங்கப் போறியள்?"

"சாவகச்சேரியில். ஓர் அக்கா வீட்டில்."

"சொந்தமோ?"

"இல்லை அண்ணா. அவருக்கு நான் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன்."

கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "சாவகச்சேரியிலை ஆருக்கு ஸ்பானிஷ்?"

நியாயமான கேள்விதான். பலாலி வீதியின் இருபுறமும் செம்மண்ணில் வெங்காயம் வரி வரியாக நின்றது. தலைவாரி விட்டதுபோல அவ்வளவு சீர். இங்கேயும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது. அது வந்ததும் பல்கலைக்கழக மாணவர்களின் சைக்கிள்களுக்கு நடுவே ஓட்டோ ஊர்ந்தது. அதற்குள் முழுக் கதையையும் அவருக்குச் சொல்லி முடித்திருந்தேன்.

சென்னையில் ஒரு நிறுவனத்தில், மெக்சிகோ வாடிக்கையாளர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலையில் பல வருடம் இருந்தவள் நான். இப்போது திருச்சியில் இருந்தபடி சனிக்கிழமைகளில் இணையவழியில் பயணத்துக்கான ஸ்பானிஷ் நடத்துகிறேன். சேருகிறவர்கள் பெரும்பாலும் விடுமுறைக்குப் போகும் இளைஞர்கள். யோகராணி அக்கா அப்படியில்லை. ஐம்பத்தாறு வயது. கணவர் சிவபாதத்தோடு சேர்ந்து தோட்டத்தில் கத்தரியும் பீட்ரூட்டும் பயிரிடுகிறவர். கொழும்புக்கு அப்பால் போனதில்லை. ஒரே மகள் துளசி ஸ்பெயினில், வலென்சியா நகரத்தில் இருக்கிறாள். கணவன் ஹவியெர் அந்த ஊர்க்காரன், லாரி ஓட்டுபவன். துளசிக்கு முதல் கரு தங்கவில்லை. இப்போது ஏழாம் மாதம். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஹவியெர் லாரியோடு போனால் நாலு நாள் வீட்டுக்கு வர முடியாது. கடை, மருந்து, அவசரமென்றால் ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் இனி அக்காதான்.

ஸ்பெயினுக்கு விசா வந்ததும் அக்கா கேட்டார்: "ரீச்சர், நேரிலை ஒருக்கால் வந்து சொல்லித் தாங்கோ. போனிலை உங்கடை வாய் அசையிற விதம் எனக்குப் பிடிபடேல்லை." யாழ்ப்பாணம் பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது. ஐந்து நாள் விடுப்பு எடுத்தேன்.

ஓட்டோக்காரர் இறக்கிவிடும்போது சொன்னார்: "அந்த அக்காட்டைச் சொல்லுங்கோ, பிள்ளைத்தாச்சியைப் பாக்கப் போறவவுக்கு எல்லாப் பாஷையும் வரும்."

சாவகச்சேரிக்கு அங்கிருந்து பேருந்து. நூறு ரூபாய் கொடுத்தேன், சில்லறை திரும்பி வந்தது.

மாலை ஐந்து மணிக்கு அக்கா வீட்டு வாசலில் நின்றேன். படியிலேயே எனக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, கைகளைப் பிசைந்தபடி, "புவெனாஸ் தார்தேஸ்," என்றார். மாலை வணக்கம். பிறகு வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பின்னால் நின்ற சிவபாதம் ஐயா, "நாலு நாளா என்னட்டைத்தான் சொல்லிச் சொல்லிப் பாக்கிறா. எனக்கு இப்ப எந்த நேரமும் பின்னேரம்தான்," என்றார்.

அன்றைய புட்டையும் கத்தரிக்காய்ப் பால்கறியையும் பற்றித் தனியாகவே எழுதலாம். நான் பாடத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துப் பேச்சில் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள் நிறைய. அந்த மொழிக்கு ஸ்பானிஷ் பக்கத்து வீடு. மேசைக்கு மேசா. சப்பாத்துக்கு சபாத்தோ. துவாய் என்கிற துண்டுக்குத் தோவாயா. பாண் என்கிற ரொட்டிக்குப் பான். வாங்கு என்கிற பெஞ்சுக்குப் பாங்கோ. ஒவ்வொன்றுக்கும் அக்கா, "இது எங்கடை சொல்லெல்லே!" என்று சின்னப் பெண்போலக் குதூகலித்தார். எச்சரிக்கவும் வேண்டியிருந்தது. கதிரையைக் 'கதேரா' என்று சொல்லிவிடக் கூடாது. போர்த்துக்கேய மொழியில் அது நாற்காலி, ஸ்பானிஷில் இடுப்பு. நாற்காலி என்றால் 'சீயா'. ஐயா விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் காலை சாவகச்சேரிச் சந்தை. பயிற்சிக்காக அக்கா ஒரு மரக்கறிக்காரரிடம் கத்தரிக்காயைக் காட்டி, "குவாந்தோ குவெஸ்தா?" என்றார். எவ்வளவு விலை என்று அர்த்தம். அவர் நிமிர்ந்து, "என்ன அக்கா, காலமையே திட்டுறியள்?" என்றார். விஷயம் தெரிந்ததும் பக்கத்துக் கடைக்காரர்களும் கூடிவிட்டார்கள். ஒருவர் முருங்கைக்காய்க்கு ஸ்பானிஷ் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பூசணிக்குச் சொன்னேன். கலைந்து போகும்போது ஒவ்வொருவரும் துளசியின் சுகத்தை விசாரித்துவிட்டே போனார்கள். என் தெருவில் நான் உடம்பு சரியில்லாமல் பத்து நாள் கிடந்ததே யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கீரிமலைக்குப் போனோம். நகுலேஸ்வரத்தில் மகள் பெயருக்கு அர்ச்சனை செய்ய வேண்டும் என்றார் அக்கா. இரண்டு பேருந்து மாறி, பத்து மணிக்குள் கோயிலில் இருந்தோம். அர்ச்சனை முடித்துக் கேணிக்கு வந்தோம். கடலுக்கும் கேணிக்கும் நடுவே ஒரு மதில்தான். அப்பால் உப்பு, இப்பால் நல்ல தண்ணீர். கையில் அள்ளி ருசித்த பிறகுதான் நம்பினேன். ஆண்களுக்குத் திறந்த கேணி. பெண்களுக்குத் தனியாக மதில் கட்டிய கேணி.

பெண்கள் கேணிப் படியில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கால் நனைத்துக்கொண்டிருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கணவர் ஏதோ கேட்க, அவர் பதில் சொன்னார். ஸ்பானிஷ்!

நான் அக்காவின் தோளைத் தொட்டேன். "போய்ப் பேசுங்கள் அக்கா. இதைவிட நல்ல பாடம் கிடைக்காது."

அக்கா இரண்டு படி இறங்கினார். அந்த அம்மாள் சிரித்து, என்னவோ வேகமாகக் கேட்டார். அக்காவின் முகம் வெளுத்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. திரும்பி என்னிடம் வந்தபோது கண் நிறைந்திருந்தது.

"ஒண்டும் வருகுதில்லை ரீச்சர். ஒரு சொல்லும் நினைவில்லை. நான் போய் என்ன செய்யப் போறன்? அங்கை அவளுக்கு ஏதும் எண்டால் இப்பிடித்தானே வாயைப் பிளந்துகொண்டு நிப்பன். ரிக்கற்றைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுறன்."

அவசரப்படுத்தியது நான்தான். சோடா வாங்கி வருகிறேன் என்று வெளியே கடைக்குப் போனேன். திரும்பும்போது உள்ளே ஒரு அலறல் கேட்டது. ஓடினேன்.

பாசிப் படியில் அந்த அம்மாள் வழுக்கி விழுந்திருந்தார். மற்றப் பெண்கள் சுற்றி நிற்க, அக்கா சேலை நனைய இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். அந்த அம்மாள் பதறி எழப் பார்த்தார். அக்கா தோளை அழுத்திப் பிடித்து, "தெஸ்பாசியோ! தெஸ்பாசியோ, போர் ஃபவோர்!" என்றார்.

மெதுவாக, தயவுசெய்து. மற்றவர் வேகமாகப் பேசினால் கேட்டுக்கொள்ள நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது. அந்த அம்மாள் அப்படியே அடங்கிவிட்டார். அக்கா அவரைப் படிப்படியாக மேலே ஏற்றி, "கதேரா, கதேரா" என்று உட்காரச் சைகை காட்டினார். அந்த அம்மாள் குழம்பி இடுப்பைத் தொட்டுப் பார்த்து, "இடுப்பு இல்லை, கணுக்கால்!" என்று ஸ்பானிஷில் சொன்னார். அக்காவுக்குத் தன் தவறு புரிந்தது. வலியோடு அவரும் வெட்கத்தோடு இவரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். என் உதவி அங்கே தேவைப்படவில்லை.

எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான். கணவரும் வாகன ஓட்டியும் வந்து அழைத்துப் போகும் வரை அக்கா ஈரச் சேலையோடு அவர் காலைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "மி ஈஹா, வலென்சியா, பெபே" என்று தன் மகளையும் வரப்போகும் குழந்தையையும் பற்றிச் சொன்னார். போகும்போது அந்த அம்மாள் அக்காவின் இரு கன்னத்திலும் முத்தமிட்டார். அக்கா திகைத்துப்போனார்.

திரும்பும் பேருந்தில் அக்கா சொன்னார்: "ரீச்சர், நீங்கள் சொல்லித் தந்ததெல்லாம் கேக்கிற கதை. எங்கை, எவ்வளவு, உதவி செய்யுங்கோ. அந்த மனிசி பதறேக்கை ஆறுதல் சொல்ல என்னட்டை ஒரு சொல் இல்லை. துளசியோடை நான் தமிழிலை கதைப்பன். மருமோன் பாவம். முதல் பிள்ளை போனதிலையிருந்து பயந்துபோய் இருக்கிறான். அவனோடை நான் என்னத்தைக் கதைக்கிறது?"

இத்தனை சனிக்கிழமைகளில் எனக்கு இது தோன்றியதே இல்லை. சாவகச்சேரி வரும் வரை புதிய பாடம் நடந்தது. 'நோ தெங்காஸ் மியேதோ', பயப்படாதே. 'அக்கி எஸ்தோய்', நான் இங்கேதான் இருக்கிறேன். 'கோமே உன் போக்கோ', கொஞ்சம் சாப்பிடு. நடத்துநர் காசு வாங்க வந்தவர், கடைசியாகச் சொன்னதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். பயணச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு பிறகு எழவில்லை.

நான் புறப்பட்ட அன்று அக்காவும் ஐயாவும் பலாலி வரை வந்தார்கள். விமானம் எழும்பியதும் தீபகற்பம் கீழே முழுதாகத் தெரிந்தது. சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் கட்டமான நிலம், சுற்றிலும் கடல். அந்தக் கட்டங்களில் எது அக்காவின் கத்தரித் தோட்டம் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே இந்தியக் கரை வந்துவிட்டது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இத்தனை வருடம் வராமல் போனோமே என்றிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்காவில் விமானம் ஏறினார். அதன்பின் இரண்டு சனிக்கிழமைகள் வகுப்பில் அவர் முகம் இல்லை. மூன்றாவது வாரம் கைபேசியில் ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் ஒரு ஆண் விசும்பும் சத்தம்.

"ரீச்சர், பொம்பிளைப் பிள்ளை பிறந்திட்டாள். நாளுக்கு ஒரு மாதம் முந்தியே வந்திட்டாள், ஆனால் நல்ல சுகம். துளசியும் சுகம். இரவு முழுக்க நானும் மருமோனும் ஆஸ்பத்திரி வாங்கிலை இருந்தம். நீங்கள் சொல்லித் தந்ததெல்லாம் சொன்னன். என்ரை தோளிலை சாய்ஞ்சு அழுதான். இப்ப பிள்ளையைக் கையிலை வைச்சுக்கொண்டும் அழுகிறான். 'இனி அழாதை, போதும்' எண்டதுக்கு என்ன சொல்லுறது? கெதியாச் சொல்லுங்கோ ரீச்சர், பிள்ளை நனையுது."